எண்ணூறு மீட்டர்

பதினேழு ஆண்டுகள் கம்பி தைத்தேன்.
சைன்ஷாந்திலிருந்து தெற்கே, எல்லைவரைக்கும்
தண்டவாளத்தின் இருபுறமும் ஏழு இழை முள்கம்பி.
அறுந்த சேதி வந்தால்
குறடும் சுருளும் மோட்டார் சைக்கிளில் கட்டிப் போவேன்.

பதிவேட்டில் நான்கு கட்டங்கள்:
கிலோமீட்டர், நீளம், காரணம், கையெழுத்து.
காரணத்துக்குக் கட்டைவிரல் நகமளவு இடம்.
காற்று என்று எழுதுவேன். திருட்டு என்று எழுதுவேன்.
முன்னங்கால் இரண்டும் இழைக்குள் மாட்டி
நின்றபடி விறைத்த குலானைக்
கோடரியால் பிரித்தெடுத்த நாளில்
விலங்கு என்று.
குதிரையுமல்ல, கழுதையுமல்ல அது.
உடம்பெல்லாம் கோபியின் மண்நிறம்,
முதுகில் மட்டும் கரித்துண்டால் இழுத்த கோடு.

உலான்பாத்தரிலிருந்து ஹோங்கோர்சுல் வந்தாள்.
முட்செடிப் பூவொன்றின் பெயர் அது; குரலும் அப்படி.
என் வண்டியின் பெட்ரோல் தொட்டிமேல்
மடிக்கணினியை வைத்துத் திறந்தாள்.
பெட்டைக் குலான் ஒன்றின் கழுத்துப்பட்டை
மணிக்கொரு புள்ளி அனுப்பியதாம்.
வாசற்படியோரம் காற்று ஒதுக்கிய மணல்போலப்
பாதைக்கு மேற்கே குவிந்து கிடந்தன புள்ளிகள்.
கிழக்கே
ஒன்றுகூட இல்லை.

"இது ஸுட் வந்த குளிர்காலம்.
மேற்கே புல்லின்மேல் பனிப்பாறை.
கிழக்கே புல் தலை நீட்டி நிற்கிறது, அவளுக்கு வாசனை தெரிகிறது.
வடக்கே நூறு கிலோமீட்டர் கம்பியோரம் நடக்கிறாள்.
தெற்கே நூற்றைம்பது.
கதவு தேடுகிறாள்."
கடைசிப் புள்ளியை விரலால் தொட்டாள்.
அந்த இடம் எனக்குத் தெரியும்.
அங்கே நான் தைத்தது நாலு மீட்டர்.

பள்ளிக்கூட விளையாட்டறையில் கூட்டம்.
வரைபடத்தில் ஐந்து திறப்புகள் கேட்டாள்.
ஒட்டகக்காரர் பாஸர்சாத் எழுந்தார்:
"என் ஒட்டகம் எஞ்சினில் அடிபட்டால்
பணம் தரப்போவது குலானா?"
எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
நிலக்கரி வண்டி ஓட்டும் ஷாரவ் சொன்னான்:
"பிரேக் பிடித்தால் நிற்க எனக்கு ஒரு கிலோமீட்டர் வேண்டும்.
அவ்வளவுதான், சொல்லிவிட்டேன்."
பால்தேநீர் மூன்று தடவை கொதித்து மூன்று தடவை ஆறியது.
ஐந்து கேட்டவளுக்கு ஒன்று கிடைத்தது.
எண்ணூறு மீட்டர். ஓராண்டு. சோதனைக்கு மட்டும்.

அவிழ்க்கவும் என்னையே அனுப்பினார்கள்.
தைத்தவனுக்குத்தானே முடிச்சு தெரியும்.
கம்பங்களைப் பிடுங்கப் பணம் ஒதுக்கவில்லை,
ஆகவே அவை நின்றன
எதையும் பிடிக்காமல்.

வசந்தத்தில் வந்தன, முப்பது நாற்பது.
கம்ப வரிசைக்குப் பத்தடி முன்னால் நின்றன.
கம்பி இருந்த உயரத்தில் மூக்கை நீட்டி
இல்லாத இழையை முகர்ந்தன.
பிறகு திரும்பிப்
பழகிய தடத்திலேயே வடக்கே போயின.
போனில் நெடுநேரம் ஹோங்கோர்சுல் பேசவில்லை.
"என் இடதுகை மட்டும் என்ன," என்றேன்,
"சுருளைத் தேடி இன்னும் பின்சீட்டுக்குத்தான் போகிறது."

கோடையில் ஒரு கம்பத்தின்மேல் பருந்து கூடு கட்டியது,
யாரிடமும் அனுமதி கேட்காமல்.
பாஸர்சாதின் ஒட்டகம் ஒன்று கடந்துபோய்
கிழக்கே மேய்ந்து, தானாகத் திரும்பியது.
அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை.
தடம் பார்த்த நானும் சொல்லவில்லை.

ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
ஷாரவின் வண்டி போய் அரைமணி இருக்கும்.
இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே, சரளைமேல்,
லத்தி.
கையுறையைக் கழற்றித் தொட்டேன். சுட்டது.
பனியில் ஆறு ஜோடித் தடங்கள், ஒன்று மிகச் சிறியது,
எல்லாம் கிழக்கே.

பதிவேட்டைத் திறந்தேன்.
கிலோமீட்டர் எழுதினேன். நீளம்: எண்ணூறு.
காரணத்துக்கு வந்தபோது மை உறைந்துவிட்டது.
பேனா முனையை வாய்க்குள் வைத்துச்
சூடேறக் காத்திருக்கிறேன்.
ஓராண்டு முடிய இன்னும் எழுபது நாள்.