நாலாவது போல்ட்

படிவத்தில் நாலே கட்டம்:
சாலை, ரயில், சர்க்கரை, மற்றவை.
சாலிகிராமத்தில் நான் கால் செய்ய ஆரம்பித்துப்
பத்தொன்பது வருடம்.
மற்றவையில் டிக் போட்டது இரண்டு முறை.
முதல் ஆள் சுறா என்றார்,
நான் நம்பவில்லை.

இரண்டாவது சிவரூபி.
பளையிலிருந்து வந்து
வளசரவாக்கத்தில் மச்சாள் வீட்டில் தங்கியிருந்தாள்.
கண்ணிவெடியா என்று கேட்டேன்.
மிதிவெடி, என்றாள்.

அன்றிரவு ஆற்காடு ரோடு சிக்னலில்
ஸ்கூட்டியை நிறுத்தியபோது அது உறுத்தியது.
எங்கள் சொல்லில் ஒருவன் குனிந்து
கண்ணி வைத்துவிட்டுப் போகிறான்.
அவள் சொல்லில் அவன் இல்லை.
மிதித்த கால் மட்டும் இருக்கிறது.

பதினொரு வருடம் அதை எடுக்கிற வேலை.
முழங்காலில் நின்று
முகத்துக்கு முன்னால் கண்ணாடித் தகடு,
கழுத்திலிருந்து தொடைவரை கனத்த அங்கி,
சிவப்புக் குச்சிக்கு அந்தப் பக்கம் மூச்சுகூடப் போகக்கூடாது.
நாள் முழுக்கக் கிளறினால்
ஒரு பாய் விரிக்கிற இடம் சுத்தமாகும்.

"வேலையிலதான் போச்சா?"
"இல்லை அக்கா. வேலையிலை கவனமாத்தான் இருந்தனான்.
அண்டைக்கு லீவு.
ஆடு ஒண்டைத் தேடிப் போனனான்."
கேட்க நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.
அவளே சொன்னாள்:
"ஆட்டுக்கு ஒண்டுமில்லை."

பாதம் கோதுமை நிறத்தில் வந்திருந்தது.
எப்போதும் அப்படித்தான் அனுப்புவார்கள்,
ஊரில் எல்லாரும் அந்த நிறம் என்பதுபோல.
தன் இடது காலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து
"இது ஆற்ற கால்?" என்று சிரித்தாள்.
பிறகு, "இதிலை இரும்பு எவ்வளவு?"
எடை கேட்கிறாள் என்று
மொத்தம் ஒன்றரைக் கிலோ என்றேன்.
பதில் இல்லை.

பழக்குவதற்கு வடபழனி மெட்ரோவரை நடந்தோம்.
எங்கள் நடைபாதையில் தேறினால்
எங்கேயும் நடக்கலாம்.
கேபிளுக்குத் தோண்டியது, கால்வாய்க்குத் தோண்டியது,
எதற்கென்றே தெரியாமல் தோண்டியது.
ஒவ்வொன்றிலும் நின்று கேட்டாள்,
"இதுக்கு ஏன் குச்சி நடேல்லை?"
கான்ட்ராக்டரைத்தான் கேக்கணும், என்றேன்.

ஸ்டேஷன் வாசலில் நிலைச்சட்டம் கத்தியது.
திரைக்குள் கூட்டிப்போனார்கள், நானும் போனேன்.
காக்கிச் சட்டைப் பெண் கைக்கருவியைக் கீழே இறக்க
கெண்டைக்கால் உயரத்தில் அது கூவ
புடவையைத் தூக்கிக் காட்டினாள் சிவரூபி.
அந்தப் பொண்ணுக்கு முகம் செத்துப்போச்சு.
"ஐயோ, சாரிக்கா. நீ போக்கா."

இவள் போகவில்லை.
"இன்னொருக்கா வையுங்கோ. மெதுவா.
மேலையிருந்து கீழை."
கண்ணை மூடிக்கொண்டாள்.
எனக்குத் தெரியாத யாரோ அங்கே நின்றார்கள்,
பதினொரு வருடச் சம்பளக்காரி ஒருத்தி.
"மூண்டு," என்றாள்.
போல்ட் நாலு, என்றேன் நான். என் கையால் போட்டது.
"மூண்டுதான் அக்கா."

திரும்பி வந்து உறையை உருவிப் பார்த்தேன்.
மூன்று.
ஒரு துளை சும்மா இருந்தது.
பரவாயில்லை, வேற போட்டுடலாம்,
டப்பா நிறைய இருக்கு, என்றேன்.

"அங்கை எண்டால்,
படத்திலை நாலு எண்டு இருந்து
மூண்டு கிடைச்சால்
ஒருத்தரும் வீட்டை போறேல்லை."

சாக்பீஸ் கேட்டாள்.
பட்டறைத் தரையில் கோடு போட்டாள், ஒரு மீட்டர் அகலம்.
புதுக் காலை மடக்கி
நான் சொல்லித்தராத விதத்தில் முழங்காலிட்டாள்.
ஒரு பக்கிள். வாஷர்கள்.
அழிந்துபோன ஒரு ரூபாய்.
ஏதோ குழந்தையின் காலிப்பரில் இருந்த திருகாணி,
எந்தக் குழந்தை என்று யோசித்தேன், வரவில்லை.
ஒவ்வொன்றையும் பாட்டில் மூடியில் வைத்தாள்.

கடைசி ரயிலுக்கு நாற்பது நிமிஷம், என்றேன்.
ஓம், என்றாள்.
அடுத்த கோட்டுக்கு நகர்ந்தாள்.