இருமாதக் கணக்கு

அலைகடல் நகர் என்று நுழைவு வளைவில் எழுதியிருக்கும்.
'லை' விழுந்து வருஷமாகிறது.
கடல் இங்கிருந்து நாலு மைல்.
மனை விற்ற நோட்டீசில் மட்டும்
வாசல்படி வரை வந்திருந்தது.

ஒற்றைப்படை மாதங்களில், ஏழாம் தேதிக்குள்
நூற்றுப் பன்னிரண்டு மீட்டரையும் நான் பார்த்தாக வேண்டும்.
உப்புக்காற்று பெட்டிகளின் கீலைத் தின்றிருக்கும்.
ஒன்றுக்குள் குளவிக்கூடு.
ஒன்றுக்குள் பால்காரருக்கு வைத்த சில்லறை.
நாய்களுக்கு என்னைப் பிடிக்காது,
சீருடை போடாத அரசாங்கத்தை
அவை நம்புவதில்லை.

முதல் தெரு முழுக்க வாத்தியார்கள்.
சொசைட்டிக் கடனில் எழும்பிய ஒரே மாதிரி போர்ட்டிகோ.
ஐந்நூறு யூனிட்டைத் தாண்டாமல் வாழக் கற்றவர்கள்.
வில்லாயுதம் சார் தினமும் தானே குறித்துவைத்து
என் கணக்கைத் திருத்துவார்,
சிவப்பு மையில்.

இரண்டாம் தெரு சவூதி, பஹ்ரைன், கொஞ்சம் மலேசியா.
செய்யதம்மாள் வீட்டில் நாலு ஏ.சி.
மகன் லீவில் வரும் நாற்பது நாள்தான் அவை ஓடும்.
ரீடிங்கைப் பார்த்துவிட்டுக் கேட்பேன்,
"தம்பி வந்துட்டாப்லயா?"
"போயிட்டான்மா."
எப்போதும் நான் ஒரு மாதம் பிந்தித்தான் வருகிறேன்.

மூன்றாம் தெருவில் பூச்சுப் பூசாத வீடுகள்.
கரையை விட்டு வந்தும் மீனை விடாதவர்கள்.
அற்புதமேரி வீட்டு ஐஸ்பெட்டி
தடைக்காலத்தில் மூச்சு விடாது.
ஒரு வருஷம் ஆடியில்கூட அறுபது யூனிட்தான் காட்டியது.
அக்கரையில் படகைப் பிடித்துவைத்திருந்த வருஷம்.
நான் ஒன்றும் கேட்கவில்லை,
அட்டையை மட்டும் மடிக்காமல் கொடுத்தேன்.

நான்காம் தெரு கிடையாது.
மூன்றுக்கு அடுத்தது ஐந்து.
நடுவில் இருப்பது ஊருணி,
வரைபடத்தில் அதற்குப் பூங்கா என்று பச்சையடித்திருந்தார்கள்.
ஐப்பசியில் அது ஐந்தாம் தெரு வரை
வீடு பார்க்க வந்துவிட்டுப் போகும்.

ஐந்தாம் தெருக் கடைசி, மனை எண்பத்தேழு.
களஞ்சியம் அவர்களின் பூட்டிய வீடு.
ஏழு வருஷம் ஒரே எண்.
பிறகு ஒரு தை மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று
எந்த மாவட்டத்தில் எந்த அதிகாரி மிரட்டினாலும்
என் ஊரைத்தான் சொல்கிறார்.
அந்த மிரட்டலுக்குள் பிறந்தவள் நான்.
மோட்டார் சத்தம் கேட்டதுமே புரிந்துவிட்டது.

நகரிலேயே அந்த ஒரு போரில்தான் நல்ல தண்ணீர்.
சாவி, வாசல் கூட்டும் ராக்குவிடம்.
ஆறு மணிக்கு நீல டிரம்கள், பைக்கில் கட்டிய குடங்கள்,
வாத்தியார் வீட்டுக் கேன், மேரியின் மீன்வாளி.
குடத்துக்கு ஒரு ரூபாய், ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
வரவு செலவு வில்லாயுதம் சார்.
மீன்வாளி நுழையக்கூடாதென்று ஒரு நாள் ஒருத்தர் சொல்ல,
மூன்று நாள் மோட்டார் போடவில்லை ராக்கு.
நாலாம் நாள் வாளி வரிசையில் முதலாவதாக நின்றது.

போன மாதம் தம்மாமிலிருந்து அழைப்பு.
"பூட்டுன வீட்டுல எப்படிம்மா நானூத்தி ஆறு?"
எர்த் கோளாறு, மீட்டர் கோளாறு,
சொல்ல எத்தனையோ இருந்தது எனக்கு.
"தண்ணி" என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம்
அவர் அறையின் ஏ.சி. மட்டும் பேசியது.
"உப்புத்தானே அது?"
"இல்ல, நல்ல தண்ணி."
"வாப்பா போட்டப்ப உப்புன்னு சொன்னாங்க.
அதனாலதான் குடி வரலை."

பில்லைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.
ஒரு பாட்டில் கொடுத்துவிட முடியுமா என்று கேட்டார்,
யாராவது இந்தப் பக்கம் வந்தால்.

செய்யதம்மாள் மகன் பெட்டியில்
இரண்டு கிலோ இடமிருக்குமா, விசாரிக்க வேண்டும்.
குறிப்புக் கட்டத்தில் 'ஆளில்லை' என்று எழுதப்போனேன்.
வாசலில் முப்பத்தொரு குடம்.
காலியாக விட்டுவிட்டேன் கட்டத்தை.

ஆறாம் தெரு இன்னும் பாக்கி.
நாய் எழுந்துவிட்டது.