அறிவிக்க ஏதேனும்

ரேகன்ஸ்பர்க்கில் கல்பாலம்.
எண்ணூற்றுச் சொச்சம் வயது என்றார்கள்.
கெல்லெர்ட் அதன்மேல் நின்று
கார் நிறுத்தக் கட்டணத்தை
ஃபோரின்டில் பெருக்கிக்கொண்டிருந்தான்.

பாசாவில், நகரமன்றச் சுவரில்,
ஒவ்வொரு வெள்ளமும் தன் ஆண்டைப் போட்டுக்
கோடு கிழித்திருந்தது.
எம்பிக் கைநீட்டியும் அவனுக்கு எட்டவில்லை
உச்சிக்கோடு.
ஆறுகள் மூன்றும் சேருமிடத்தில்
நிறங்கள் கொஞ்ச தூரம் கலக்காமல் ஓடின.
நாங்களும் அப்படித்தான், மதியம்வரை:
முந்தைய பங்கிலேயே பெட்ரோல் போட்டிருக்கலாம்
என்றொரு சண்டை.

மெல்க் மடத்தின் மஞ்சள்
பின்கண்ணாடியில் சிறுத்து, கடுகாகி, மறைந்தது.
பிறகு சூரியகாந்தி.
பிறகு மேலும் சூரியகாந்தி,
எல்லாம் எங்களுக்கு முதுகு காட்டி.
புகைபோக்கி மேல் ஒரு நாரை.

"மெதுவா" என்றான்.
எல்லைச் சாவடி.
கூரையில் புல். தடுப்புக் கட்டை போய்
அதன் மொட்டைத் தூண் மட்டும்.
பத்தொன்பது வருடம் அவன் நின்ற இடத்தில்
யாரோ ஒரு மெத்தையை வீசியிருந்தார்கள்.
இறங்கினான். சுற்றிவந்து
என் ஜன்னலில் குனிந்தான்,
இல்லாத தொப்பியைச் சரிசெய்தபடி:
"அம்மணி, அறிவிக்க ஏதேனும் உண்டா?"

ஆப்ரிகாட் ஜாம் இரண்டு புட்டி, என்றேன்.
ஒரு கூழாங்கல். ஈரக் காலுறை.
அப்புறம்,
எண்பத்து நான்காம் வருடம், நவம்பர்.
வியன்னாவிலிருந்து வந்த பேருந்து.
என் பையில் மூன்று கிலோ காப்பிக்கொட்டை,
மேலே விரித்த கம்பளிச் சட்டை.
நீ பையைத் திறந்தாய்.
வாசம் பேருந்து முழுக்க எழுந்தது.
மூடினாய். ஒரு சொல் இல்லை.
குனிந்த தொப்பிக்குக் கீழே
தாடையில் ஒரு சவர வெட்டுதான் கண்டேன்.
அந்தத் தாடைக்காகத்தான்
மறு வசந்தத்தில், சோப்ரோன் நடனக் கூடத்தில்,
நானே உன்னிடம் வந்தேன்.

நெடுநேரம் யோசித்தான்.
சரக்கு லாரி ஒன்று
வேகம் குறைக்காமல் எங்களைத் தாண்டிப் போனது.

"அந்த நவம்பர் முழுக்க எனக்கு மஞ்சள் காமாலை" என்றான்.
"அது திகாமேர்.
மழுங்கின பிளேடை மாற்றவே மாட்டான்."

இண்டிகேட்டர் டிக், டிக்.
நான் சிரித்தேனா, தெரியவில்லை.

"நானாயிருந்தால் பிடித்திருப்பேன்"
என்றும் சொன்னான், கேட்காமலே.

பிறகு இல்லாத கட்டையை
இரு கையாலும் தலைக்குமேல் தூக்கி நின்றான்,
எடை நிஜம்போல முழங்கை நடுங்க.
முதல் கியர் போட்டேன்.
அடியில் புகுந்து கடந்து,
நாற்பதடி தள்ளி நிறுத்தி,
அவன் நடந்து வரட்டும் என்று
உட்கார்ந்திருந்தேன்.