எடைமேடையில் இரண்டு கார்கள்

கேரளா போகிற காய்கறி லாரிகள்
ஓய்ந்த நேரமாய்ப் பார்த்து
மேடையில் ஏற்றினேன், ஒவ்வொன்றாய்.
முதலில் தென்காசிப் பல் டாக்டர் செண்பகக்குமாரின் வெள்ளை:
நாலு சிலிண்டர், டர்போ.
ஆயிரத்து முந்நூற்று நாற்பது கிலோ.
பிறகு புனலூர் பேபிச்சனின் கருநீலம்:
ஆறு சிலிண்டர், மூன்று லிட்டர்.
பர்மிங்ஹாமில் நர்ஸ் வேலை முடித்த மனைவி
பீங்கான் தட்டுகளோடு கப்பலில் ஏற்றி வந்தது.
ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து.

வித்தியாசம் நூற்று எழுபது.
'ரெண்டு சிலிண்டர் இம்புட்டுக் கனக்காது யக்கா,
மிச்சம் கர்வம்' என்றான் மைதீன் பிச்சை,
கையைத் துணியில் துடைத்தபடி.

இரண்டுக்கும் சீட்டு கிழித்தேன், கைப்பழக்கம்.
'சரக்கு' என்ற கட்டத்தில் என்ன எழுத?
கோடு போட்டு வைத்தேன்.

புளியரை தாண்டி, எஸ் வளைவு.
வெள்ளையை மிதித்தேன். ஒன்றுமில்லை.
கடன் கேட்டவன் எதிரே
வட்டிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாரே,
அந்த இடைவெளி.
பிறகு தந்தது பாருங்கள்,
கேட்டதற்கு மேலே தந்தது.
முன்னால் மலைபோல் அசைந்த வைக்கோல் லாரி
பின்கண்ணாடியில் ஒரு துரும்பு.
சத்தமாய்ச் சிரித்துவிட்டேன். தனியாகத்தான்.

கருநீலம் என்னைக் காக்க வைக்கவில்லை.
கால் நினைப்பதற்குள் புரிந்துகொண்டு
ஒரே சீராய் ஏறிற்று, கேட்ட அளவு,
கேட்கக் கேட்க.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
அந்தச் சத்தம்தான்.
ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நாலு:
சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை,
வாய்ப்பாடு மாதிரி மைதீன் சொல்லுவான்.
நான் விற்ற இரண்டு லாரிகளுக்கும் அதே வரிசை.
டீசல் கரகரப்பைக் கழித்துவிட்டால் அதே ஆறு பேர்.
பன்னிரண்டு வருஷம்
ராத்திரி அந்த எண்ணிக்கை கேட்டால்தான்
வண்டி திரும்பிவிட்டது என்று தூங்குவேன்.

கோட்டவாசல் திருப்பத்தில்
கண் தானாகப் பின்னால் போயிற்று:
தார்ப்பாய் பறக்கிறதா,
கயிறு தளர்ந்துவிட்டதா.
பின்சீட்டில் பேபிச்சன் மறந்து வைத்த குடை
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டது.

கொழுந்தன் போனில் கணக்கு சொன்னான்.
ஆறு குடிக்கிற பெட்ரோல், தமிழ்நாட்டு நம்பருக்கு வரி,
ஒரு விளக்கு உடைந்தால் அதுவும் கப்பலில் வரணும்.
நாலுக்கு டர்போ போனால் அறுபதாயிரம்.
எல்லாம் சரி.
லாரி விற்ற காசில் எதற்கு இந்த வயதில்
ஓட்டக் கார் என்று கேட்டிருந்தால்
பதில் வைத்திருந்தேன்.
அவன் கேட்கவில்லை.

பேபிச்சனிடம் வேண்டாம் என்றேன்.
'சாரமில்ல சேச்சி.'
முகத்தில் ஏமாற்றம் தேடினேன்,
பல்வலி நின்றவர் மாதிரி நின்றார்.
டீயைக்கூட முழுதாய்க் குடிக்கவில்லை.
சாவியை எங்கே நான் மனம் மாறிவிடுவேனோ என்று
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு
ஓடாத குறையாய்ப் போனார்.

மலையேறி வந்த டர்போவை
உடனே அணைக்கக் கூடாதாம்.
ஒரு நிமிஷம் சும்மா ஓடவிட்டு
சூடு இறங்கினபிறகுதான்.
மேடைமேல் உட்கார்ந்திருக்கிறேன்.
சிவப்பு எண்ணில் ஆயிரத்து நானூறு.
பத்துப் பத்தாய் எண்ணுகிற எந்திரம்;
என்னில் நாலு கிலோவை
அது என்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை.

பின்னால் எம்சாண்ட் லாரி ஹாரன் அடிக்கிறது.
'யக்கா, மேடை காலியாகுமா?'
மேலே எங்கோ, ஆரியங்காவுப் பக்கம்
மழைக்குள் ஏறிக்கொண்டிருக்கிறது
இரண்டு, நாலு, மறுபடி ஒன்று, ஐந்து.

'பொறுப்பா' என்கிறேன்.
'ஒரு நிமிஷம்.'