விருப்ப வரிசை

தண்டையார்பேட்டை பிரவுசிங் சென்டரில்
டில்லிபாபு அண்ணன் கேட்கிறார்:
"எது ஃபர்ஸ்ட்டு? எகனாமிக்ஸா, பி.பி.ஏ.வா?
சீக்கிரம் சொல்லும்மா, கரண்ட் போயிடும்."

எண்ணூர் நெடுஞ்சாலையில்
அப்பாவின் டிரெய்லர் நேற்றிரவிலிருந்து நிற்கிறது.
துறைமுக கேட் வரைக்கும் முந்நூறு வண்டி.
ஸ்டியரிங்கில் தலை சாய்த்துத் தூங்குவார்.
ஓடினால்தான் பேட்டா. நின்றால் இல்லை.

அந்த முந்நூறு வண்டிக்கும்
சைக்கிளில் டீ கொண்டுபோகிறார் ஜுலேகா அக்கா.
பிஸ்கட், தலைவலி மாத்திரை, வாடகைக்கு பவர் பேங்க்.
போன மாசம் இரண்டாவது சைக்கிள் வாங்கினார்.
வரிசை எவ்வளவு நீளமோ
அவ்வளவு சில்லறை.

அக்காவைப் போல் ஆக ஆசைதான்.
கையில் காசு புரண்டால்
வீட்டில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள்.

ஆனால் படுத்தால் வேறொன்று அரிக்கிறது:
அப்பாவிடமிருந்து போன
பதினாலு மணி நேரம்
யார் கணக்கில் வரவானது?

"எகனாமிக்ஸ்" என்றேன்.
"அதுல வேலை கிடைக்குமா?"
தெரியவில்லை.
இரண்டாவது கட்டத்தில் பி.பி.ஏ. போடச் சொன்னேன்,
பயத்தில்தான்.

சர்வர் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
எனக்குப் பின்னால் இன்னும் பதினோரு பேர்.
வாசலில் ஒருவன்
சமோசா விற்க வந்துவிட்டான்.