சில்லறை

பொதட்டூர்பேட்டையில் முதல் வருஷம்
தொண்டையால்தான் பாடம் நடத்தினேன்.
சன்னலுக்கு வெளியே பவர்லூம்,
அதைவிடச் சத்தமாக நான்.
சாயங்காலம் திருத்தணி பஸ்ஸில்
மிளகு மென்றுகொண்டே திரும்புவேன்.

ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்
முப்பத்தைந்து என்றது பாதி வகுப்பு.
"பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்பேன்.
தலையாட்டுவார்கள்.
மறுநாளும் முப்பத்தைந்து.
வாரத்துக்கொரு சிவப்புப் பேனா தீர்ந்தது.
நோட்டைத் திருத்தத் தெரிந்திருந்தது எனக்கு,
வாசிக்கத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷம் ஆடியில்
ஒரு முற்பகல் கரண்ட் போனது.
தெரு முழுக்கத் தறிகள் நின்றன.
என் கத்தல் மட்டும் தனியே மிஞ்சி
எனக்கே கேட்டது.
வாயை மூடினேன்.
வேறென்ன செய்வதென்று தெரியாமல்
கோவர்த்தினியிடம் கேட்டேன்:
"முப்பத்தைந்து எப்படி வந்தது?"

தெலுங்கில் யோசித்துத் தமிழில் இறக்கினாள்.
"ரெண்டுல ஏழு போகாது டீச்சர்.
ஏழுல ரெண்டு போகும்."
"கடன் வாங்கலாமே?"
"வாங்கினா திருப்பித் தரணும்.
அந்த அஞ்சுக்கு யாரு திருப்பித் தர்றாங்க?
கடைசி வரைக்கும் நாலாவே நிக்குது."

பின் பெஞ்சிலிருந்து முனிசந்திரன்:
"அவங்க நாயனா மேஸ்திரிகிட்ட
அட்வான்ஸ் வாங்கியிருக்கார் டீச்சர்."
யாரும் சிரிக்கவில்லை.
நாற்பது வீட்டிலும் அப்பு என்றால் என்னவென்று தெரியும்.

கரும்பலகையில் ஐந்தை அடித்து
நான் எழுதியிருந்த நாலைப் பார்த்தேன்.
நாலு மாசம், நாலு மாசமாக
இந்தப் பிள்ளைகளிடம்
திருப்பித் தராத கடனுக்கு
நியாயம் பேசியிருக்கிறேன்.

கைப்பையில் ஒரு பத்து ரூபாய்த் தாள் இருந்தது.
"இதுக்குச் சில்லர இருக்கா?"
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.
டப்பாவிலிருந்து புளியங்கொட்டை
பத்து எண்ணிக் கொடுத்தாள்.
இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள்.
"யாருக்கும் பாக்கி இல்ல" என்றாள்.

அடுத்த ஜூனில் முதல் நாளே
சில்லறை என்று ஆரம்பித்தேன்,
கொஞ்சம் கர்வத்தோடு.
நானூற்று மூன்றில் நூற்று இருபத்தெட்டு.
யுகந்தர் பென்சிலைக் கடித்தான்.
"பூஜ்யத்துகிட்ட ஏது டீச்சர் சில்லர?"

தறி ஓடிக்கொண்டிருந்தது.
மிளகு வாங்குவது எப்போது நின்றதென்று நினைவில்லை.
அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.
"எங்கே, சொல்லு."