இரவில் ஒரு கோடு

விடிந்ததும் முதலில் கோலைப் பார்ப்பேன்,
பிறகுதான் மாட்டை.
என் உருளைப் பாத்தி இருந்த இடத்தில்
நீலச் சாயம் பூசிய இரும்புக் கோல் நிற்கிறது.
மூன்று பாத்தி, வருஷத்துக்குப் பதினொரு மூட்டை.
ஊர்க்கூட்டத்தில் கையைத் தூக்கிக் கொடுத்தேன்.
கை இறங்குவதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது.

நின்சீமா ம்பராராவிலிருந்து வந்தவள்.
குழாயை ஆள் ஆழத்துக்கு இறக்கி
கறுத்த களி போல மண்ணை எடுத்துக் காட்டினாள்.
எல்லாம் கோரை. செத்து, மட்காமல்,
ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்த கோரை.
நாங்கள் கிகெசிக்காரர்கள் அதை
ஒரு தலைமுறையில் காயவைத்து
கிழங்காக்கித் தின்றுவிட்டோம்.
பியாமுகாமா கேட்டான்:
"கொக்குக்குப் பசிக்கும், சரி. எனக்கு?"
அவளிடம் பதில் இல்லை.
கேள்வியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

வாய்க்காலை நாலு இடத்தில் அடைத்தோம்,
மண்சாக்கும் யூகலிப்டஸ் கட்டையும் வைத்து.
இடுப்பளவு சேற்றில் நின்று பாப்பிரஸ் ஊன்றினோம்.
கூலி உண்டென்று அவனும் வந்தான்.

ஜூலையில் வானம் வெளுத்துக் கிடந்தது.
பதினேழு. பதினாறு. பதினாலு.
நட்ட குருத்துகள் நுனி பழுத்தன.
ஒரு காலை பதினொன்று.
நான் பதினாறு என்று எழுதினேன்.

பரீட்சையில் தோற்ற பிள்ளைக்காக
அண்டை வீட்டில் சொல்கிற பொய் அது.
ஐந்து கோடு. ஒரு விரல் நீளம்கூட இல்லை.

பதினொரு மூட்டை போன அன்று வந்த தூக்கம்
அன்றிரவு வரவில்லை.
டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
தவளைகள் சட்டென்று வாயை மூடின.
கோல் பத்து காட்டியது.

காலையில் பதினாறின்மேல் ஒற்றைக் கோடு இழுத்தேன்,
அடியில் இருப்பது தெரியும்படி.
பக்கத்தில்: பதினொன்று. பொய் என்னுடையது. கெபிருங்கி.
அதற்குக் கீழே: பத்து, இரவு.

நின்சீமா பொய்யைத் தாண்டிப் போனாள்.
விரல் பத்தில் நின்றது.
"எத்தனை மணிக்கு?"
இரண்டு இருக்கும் என்றேன்.
"வெயில் குடிக்காத நேரத்தில்
யார் குடித்தது?"

நடந்தோம், அணை அணையாக.
மூன்றாவதன் அடியில் கையகலத் துளை,
நீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.
நண்டா, மண்வெட்டியா,
யாரும் கேட்கவில்லை.
முதல் சாக்கைச் சுமந்து வந்தவன் பியாமுகாமா.
கூலி பற்றி அன்று அவன் பேசவில்லை.

இன்று பன்னிரண்டு.
பன்னிரண்டுதான் எழுதியிருக்கிறேன்.